டி டிரைவ் நிறைந்துவிட்டது, விஎம்களை எப்படி இடம் மாற்றுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். எங்களிடம் விண்டோஸ் சர்வர் 2019 ஓடுகிறது. அதில் ஹைப்பர்-வி (ஒரே சர்வரில் பல கணினிகளை ஓடவிடும் மென்பொருள்), அதற்குள் ஐந்து விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள்: டொமைன் கண்ட்ரோலர் (எல்லோரின் லாகினையும் சரிபார்ப்பது), கணக்கு மென்பொருள், ஃபைல் சர்வர், பிரிண்ட் சர்வர், சுங்கப் படிவங்களுக்காக வைத்திருக்கும் ஒரு பழைய விண்டோஸ். எல்லாம் 2 டிபி டி டிரைவில் இருக்கின்றன. இப்போது 60 ஜிபிதான் மிச்சம். முதலாளி 4 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கித் தந்தார், அதை இ டிரைவாகப் போட்டுவிட்டேன். விஎம்மை நிறுத்தி, விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பியால் ஃபைலை நகர்த்தி, மறுபடி ஓடவிடும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, முதலில் பிரிண்ட் சர்வரில் முயன்றேன். ரோபோகாப்பி 1 என்ற எண்ணோடு முடிந்தது. விஎம்மைத் தொடங்கினால் ஃபைலைக் காணோம் என்றது. பயந்துபோய் ஃபைலை டி டிரைவுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். அப்போது 'அனுமதி இல்லை' என்றது. கடைசியில் செட்டிங்ஸில் டிஸ்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்ததும் ஓடியது. ஏன் என்று புரியவில்லை. எல்லாவற்றையும் தைப்பூச விடுமுறையில் மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. பழைய விண்டோஸில் இரண்டு வருடத்துக்கு முந்தைய செக்பாயிண்ட் (அன்றைய நிலைக்குத் திரும்புவதற்காக எடுத்துவைத்தது) வேறு இருக்கிறது. சில விஎம்களை நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) வைக்கலாமா என்றும் கேட்கிறார். என் ஸ்கிரிப்டை எப்படித் திருத்துவது?

பதில்: தம்பி, ஐந்தில் எது நின்றாலும் அதிகம் வலிக்காதோ அதை, பிரிண்ட் சர்வரை, முதலில் தொட்டீர்கள். அது சரியான முடிவு. கணக்கு மென்பொருளில் தொடங்கியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் பதில்: அந்த ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டாம், ஒதுக்கி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே இடம் மாற்றும் வசதி ஹைப்பர்-வியிலேயே இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2012 வந்ததிலிருந்து உண்டு. ஆகவே தைப்பூசத்தன்று நீங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம். முதலாளியிடம் இதை நேராகச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் தனியாக சர்வர் அறையில் உட்கார்ந்து, ஏதாவது தவறினால் கேட்க ஒருவரும் இல்லாமல் இந்த வேலையைச் செய்வதுதான் ஆபத்து.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

விஎம் என்பது ஒரு ஃபைல் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். உண்மையில் அது ஒரு குடும்பம். டிஸ்க் ஃபைல் ஒன்று, எத்தனை நினைவகம், எந்த நெட்வொர்க், டிஸ்க் எந்தப் பாதையில் இருக்கிறது என்றெல்லாம் குறித்து வைத்திருக்கும் அமைப்புக் கோப்பு ஒன்று, செக்பாயிண்ட் எடுத்திருந்தால் அதற்கான ஃபைல்கள் தனி. நீங்கள் டிஸ்கை மட்டும் இ டிரைவுக்குக் கொண்டுபோனீர்கள். அமைப்புக் கோப்பில் இன்னும் டி டிரைவின் பாதைதான் எழுதியிருந்தது. அதனால்தான் ஃபைலைக் காணோம் என்றது.

திருப்பிக் கொண்டுவந்த பிறகும் ஏன் திறக்கவில்லை? ஹைப்பர்-வியில் ஒவ்வொரு விஎம்மும் தனக்கென்று ஒரு கணக்கில் (அக்கவுண்ட்) ஓடுகிறது. டிஸ்க் ஃபைலின் பாதுகாப்புப் பட்டியலில் அந்தக் கணக்குக்கு அனுமதி எழுதப்பட்டிருக்கும். ரோபோகாப்பிக்கு நாம் தனியாகச் சொல்லாவிட்டால் உள்ளடக்கம், ஃபைலின் பண்புகள், தேதி நேரம் ஆகியவற்றை மட்டும்தான் எடுத்துப்போகும். அனுமதிப் பட்டியலை எடுத்துப்போகாது. போய்ச் சேர்ந்த ஃபோல்டரின் அனுமதிகள் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் போகவும் வரவும் இரண்டு தடவை செய்தீர்கள். பழைய இடத்துக்கே ஃபைல் வந்துவிட்டாலும் அந்த விஎம்மின் பெயர் பட்டியலில் இல்லை. அப்புறம் செட்டிங்ஸில் எடுத்துவிட்டுச் சேர்த்தபோது, ஹைப்பர்-வி தானே அந்த அனுமதியை எழுதிக்கொண்டது. நீங்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்ததுதான் இதற்குச் சரியான மருந்து. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் உதவும். ஆனால் செக்பாயிண்ட் இருக்கும் விஎம்மில் அப்படி டிஸ்கை எடுத்துவிட்டுச் சேர்க்கக் கூடாது. அங்கே விவகாரம் வேறு, பிறகு வருகிறேன்.

ரோபோகாப்பி காட்டிய 1 தோல்வி அல்ல. நகலெடுத்தேன் என்பதற்கான எண் அது. 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 2 என்றால் போய்ச் சேரும் இடத்தில் கூடுதல் ஃபைல்கள் இருக்கின்றன, 4 என்றால் பொருந்தாத ஃபைல்கள், 8 வந்தால்தான் சில ஃபைல்கள் போகவில்லை, 16 என்றால் பெரிய தவறு. இவை ஒன்றோடொன்று கூடியும் வரும், உதாரணமாக 3. ஆகவே ஸ்கிரிப்டில் 'பூச்சியம் இல்லை என்றால் நிறுத்து' என்று எழுதினால் நல்ல வேலையும் நின்றுவிடும். எண்ணைப் பார்க்காமலே விட்டாலோ, 8 வந்தும் அடுத்த வரி ஓடும். அந்த அடுத்த வரி என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு அந்த அடுத்த வரி 'அழி' என்று இருந்தது. பல வருடங்களுக்கு முன், கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், விஎம் ஒன்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதினேன். நகலெடு, பிறகு மூலத்தை அழி. இரண்டே வரி. அந்த வெளி டிஸ்க் ஃபாட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஃபாட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சின்ன ஃபைல்கள் எல்லாம் போயின, டிஸ்க் ஃபைல் போகவில்லை, ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய் மூலத்தை அழித்துவிட்டது. கடைசி பேக்கப் இரண்டு வாரப் பழையது. கணக்குப் பிரிவுப் பெண்கள் மூன்று இரவு என்னோடு உட்கார்ந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக மறுபடி பதிவு செய்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. அதிலிருந்து நகலெடுப்பதையும் அழிப்பதையும் நான் ஒரே ஸ்கிரிப்டில் எழுதுவதில்லை. அழிப்பது வேறொரு நாள், வேறொரு ஸ்கிரிப்ட், பகல் வெளிச்சத்தில்.

அதே காரணத்துக்காக ரோபோகாப்பியில் 'மிர்' என்ற சொல்லைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். மூலத்தில் இல்லாத எதையும் மறுபக்கத்தில் அழித்துவிடும். மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால், காலியான இ டிரைவைப் பார்த்து டி டிரைவைக் காலி செய்யும்.

சரி, இப்போது சரியான வழி. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்தால் 'மூவ்-விஎம்ஸ்டோரேஜ்' என்ற கட்டளை கிடைக்கும். விஎம்மின் பெயரையும், போய்ச் சேர வேண்டிய பாதையையும் கொடுத்தால் போதும். டிஸ்க், அமைப்புக் கோப்பு, செக்பாயிண்ட் என்று குடும்பத்தையே சேர்த்துக் கொண்டுபோகும், அனுமதிகளையும் அதுவே எழுதிவிடும். உள்ளே நடப்பது அழகானது. முதலில் படிப்பதும் எழுதுவதும் பழைய இடத்திலேயே நடக்கும்போது, பின்னால் டிஸ்க் புதிய இடத்துக்கு நகலாகிறது. நகல் முடிந்ததும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இடத்திலும் பதியும். விட்டுப்போன மாற்றங்களும் போய்ச் சேர்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டால், விஎம் புதிய டிஸ்க்குக்கு மாறிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பழைய ஃபைல் நீங்கும். நடுவில் ஏதாவது தவறினால் விஎம் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் பிரிவில் ரசீது அடித்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது, கொஞ்சம் மெதுவாகத் தோன்றலாம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு விஎம்முக்கும் இ டிரைவில் அதன் பெயரிலேயே தனி ஃபோல்டர் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பாதைக்கு அனுப்பினால், ஒரே பெயருள்ள இரண்டு டிஸ்க் ஃபைல்கள் மோதிக்கொள்ளும். இன்னொன்று: நிஜ டிஸ்க் ஒன்றை நேரடியாக விஎம்முக்குக் கொடுத்திருந்தால் அதை இந்தக் கட்டளை நகர்த்தாது. உங்கள் ஐந்தில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

ஐந்து விஎம்முக்கு ஸ்கிரிப்ட் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். வேகத்துக்காக இல்லை, பதிவுக்காக. விஎம் பெயர்களை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, ஸ்கிரிப்ட் அதைப் படிக்கட்டும். 'இந்த சர்வரில் இருக்கும் எல்லா விஎம்மும்' என்று எழுத வேண்டாம், என்றோ ஒரு நாள் வேறு ஆள் புதிதாக ஒன்றைச் சேர்த்திருப்பார். ஒவ்வொரு பெயருக்கும் முதலில் இ டிரைவில் இருக்கும் காலி இடத்தை அந்த விஎம்மின் ஃபைல்கள் இப்போது பிடித்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். நான் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கச் சொல்வேன். போதாது என்றால் அங்கேயே நிற்கட்டும். நகர்த்தும் கட்டளையில் தவறு வந்தால் அடுத்த பெயருக்குப் போகக் கூடாது. பவர்ஷெல்லில் தவறு வந்தும் ஓடிக்கொண்டே போகும் பழக்கம் உண்டு, அதனால் 'எரர்-ஆக்‌ஷன் ஸ்டாப்' என்று கண்டிப்பாக எழுதுங்கள். தொடக்கத்திலேயே 'ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட்' போட்டால் திரையில் வரும் எல்லாம் ஒரு ஃபைலில் பதியும். முதல் ஓட்டத்தை 'வாட்இஃப்' சேர்த்து ஓட்டுங்கள். என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது.

ஒரே நேரத்தில் இரண்டு விஎம்கள் வரை நகர்த்த ஹைப்பர்-வி இயல்பாக அனுமதிக்கிறது. ஆனாலும் நீங்கள் ஒவ்வொன்றாகவே செய்யுங்கள். டி டிரைவ் சுழலும் டிஸ்க் என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் படிக்கும்போது அதன் தலை அங்குமிங்கும் ஓடியே நேரம் போகும். நொடிக்கு 150 எம்பி கிடைத்தாலே ஒரு டிபிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஓடும் விஎம்களின் வேலையும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

இப்போது அந்தப் பழைய விண்டோஸ். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். இரண்டு வருட செக்பாயிண்ட் என்றால், இரண்டு வருடமாக எழுதியதெல்லாம் தனியாக ஒரு வித்தியாச ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. அது தாய் டிஸ்கை, அதாவது செக்பாயிண்ட் எடுத்தபோது இருந்த மூல டிஸ்கை, நம்பி இருப்பது. தாயின் பாதை அதற்குள் எழுதப்பட்டிருக்கும். இதைக் கையால் நகர்த்தினால் சங்கிலி அறும். செட்டிங்ஸில் தாய் டிஸ்கை மட்டும் சேர்த்து ஓடவிட்டால், விஎம் இரண்டு வருடத்துக்கு முந்தைய நிலையில் எழும். அதில் ஒரு எழுத்து எழுதப்பட்டாலும் வித்தியாச ஃபைலோடு பொருந்தாமல் போகும்.

பலரும் 'முதலில் செக்பாயிண்டை நீக்கு, பிறகு நகர்த்து' என்று சொல்வார்கள். உங்களுக்கு நான் அதைத் தலைகீழாகச் சொல்கிறேன். செக்பாயிண்டை நீக்கினால் வித்தியாச ஃபைல் தாயோடு கலக்கும். கலக்கும்போது தாய் வளரும், முடிகிற வரை இரண்டும் இடம் பிடிக்கும். டி டிரைவில் 60 ஜிபி மட்டும் இருக்கும்போது அங்கே அந்தச் சோதனை வேண்டாம். டிரைவ் முழுதாக நிறைந்தால் அதில் இருக்கும் விஎம்கள் எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிடும், டொமைன் கண்ட்ரோலர் உட்பட. அதனால் சங்கிலியோடு சேர்த்தே இ டிரைவுக்கு நகர்த்துங்கள். அங்கே இடம் தாராளமாக இருக்கும். போய்ச் சேர்ந்த பிறகு ஹைப்பர்-வி மேனேஜரில் செக்பாயிண்டை நீக்குங்கள், விஎம் ஓடும்போதே கலக்கும். வித்தியாச ஃபைலை மட்டும் எக்ஸ்ப்ளோரரில் தேடிப் பிடித்து ஒருபோதும் அழிக்காதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பிரிண்ட் சர்வர். அடுத்து ஃபைல் சர்வர், பெரும்பாலும் அதுதான் பெரியது, அது போனால் டி டிரைவுக்கு மூச்சு வரும். பிறகு பழைய விண்டோஸ், கணக்கு மென்பொருள், கடைசியில் டொமைன் கண்ட்ரோலர்.

இதற்கெல்லாம் முன்னால் பேக்கப். முதலாளி கேட்ட நாஸ் பெட்டிக்கு வேலை இங்கேதான். ஓடும் விஎம்மை அங்கே வைக்க வேண்டாம். ஹைப்பர்-வி தன் ஃபைல்களை நெட்வொர்க்கில் வைக்க எஸ்எம்பி 3 என்ற ஃபைல் பகிர்வு முறையைக் கேட்கும். அனுமதியை ஆளின் பெயருக்குக் கொடுத்தால் போதாது, சர்வரின் கம்ப்யூட்டர் அக்கவுண்டுக்கே கொடுக்க வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்தாலும், அலுவலகத்தில் சாதாரண கிகாபிட் கம்பிதான் என்றால் நொடிக்கு 110 எம்பி அளவில்தான் போகும். அதை ஐந்து விஎம்கள் பங்கு போட்டால் கணக்குப் பிரிவு நாள் முழுக்கக் காத்திருக்கும்.

பேக்கப்புக்கு 'எக்ஸ்போர்ட்-விஎம்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். 2012 ஆர்2-விலிருந்து ஓடும் விஎம்மையே ஏற்றுமதி செய்யலாம். நாஸுக்கு நேராக ஏற்றுமதி செய்யும்போது அனுமதிச் சிக்கல் வந்தால், இ டிரைவில் ஏற்றுமதி செய்து, அங்கிருந்து நாஸுக்கு ரோபோகாப்பி செய்யுங்கள். ரோபோகாப்பிக்கு ஏற்ற வேலை இதுதான், ஏனென்றால் அந்த ஃபைல்கள் ஓடாமல் சும்மா கிடப்பவை. 'ஜே' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பெரிய ஃபைல்கள் சுமுகமாகப் போகும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1.9 டிபி, கிகாபிட் கம்பியில் ஐந்து மணி நேரம் எடுக்கும். ஒன்று நாஸுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சரிபார்த்த பிறகு இ டிரைவில் இருக்கும் அந்த நகலை நீக்கி, அடுத்ததைத் தொடங்குங்கள். முடிந்ததும் ஒன்றையாவது, கணக்கு மென்பொருளையே வைத்துக்கொள்வோம், புது அடையாளத்தோடு இறக்குமதி செய்து திறந்து பாருங்கள். ஓடவிடும் முன் அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே கம்பியில் இருந்தால் பெரிய குழப்பம். டொமைன் கண்ட்ரோலரின் நகலை நெட்வொர்க்கோடு ஓடவிடவே கூடாது. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. முடிந்தால் இன்னொரு நகல் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். 2017 நவம்பரில் பினாங்கில் தண்ணீர் எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும், தரைத்தளத்தில் சர்வரும் நாஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

எந்த நேரம்? சனிக்கிழமை காலை எட்டு மணி. மாலையில் தொடங்காதீர்கள். நம் ஊரில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதுவும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. யுபிஎஸ் இருக்கிறதா, அதன் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று முந்தின நாளே பாருங்கள். இரவு ஓடும் பேக்கப் வேலையோடு இது மோதவும் கூடாது.

நகர்த்தி முடித்த பிறகு செய்ய வேண்டியதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, ஹைப்பர்-வி செட்டிங்ஸில் புதிய விஎம்மும் புதிய டிஸ்க்கும் உருவாகும் இயல்பான இடத்தை இ டிரைவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் டி டிரைவ் மறுபடி நிறையும். அப்புறம் ஆன்டிவைரஸ். டி டிரைவின் விஎம் ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று யாராவது முன்பு விலக்கு கொடுத்திருப்பார்கள், அந்த விலக்கு இ டிரைவுக்குத் தானாக வராது. ஓடும் டிஸ்க் ஃபைலை ஆன்டிவைரஸ் பிடித்துவைத்தால் விஎம் தொடங்க மறுக்கும், காரணம் கண்டுபிடிக்க அரை நாள் போகும். பேக்கப் மென்பொருளில் பாதையைக் குறிப்பிட்டு வேலை அமைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கடைசியாக, நீங்கள் அன்றைக்குப் பயந்து ஃபைலை அங்கும் இங்கும் கொண்டுபோனதில் டி டிரைவிலும் இ டிரைவிலும் அனாதை நகல்கள் கிடக்கலாம். 'கெட்-விஎம்ஹார்ட்டிஸ்க்டிரைவ்' கட்டளை எந்த விஎம் எந்த ஃபைலைப் பயன்படுத்துகிறது என்று சொல்லும். அதை வைத்து ஒப்பிடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. செக்பாயிண்ட் இருக்கும் விஎம்முக்கு அது சங்கிலியின் கடைசி ஃபைலை மட்டும்தான் காட்டும். தாய் ஃபைல் பட்டியலில் வராது, பார்க்க அனாதை போலவே தெரியும். 'கெட்-விஎச்டி' கட்டளையால் ஒவ்வொரு ஃபைலின் தாய்ப் பாதையையும் பார்த்துப் பட்டியலில் சேர்த்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் உண்மையான அனாதை. அதையும் உடனே அழிக்க வேண்டாம். 'பழையவை' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, மாதக் கடைசிக் கணக்கு ஒரு தடவை முடியும் வரை விடுங்கள்.

ஹைப்பர்-விக்குப் பதிலாக விஎம்வேர், கேவிஎம் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கட்டளை வேறு. விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐயில் 'விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ்' (விஎம்மை நிறுத்திவிட்டுப் பயன்படுத்த வேண்டும்), கேவிஎம்மில் 'விர்ஷ் பிளாக்காப்பி' இருக்கின்றன. சாதாரண நகல் கட்டளையைப் போட்டால் இஎஸ்எக்ஸ்ஐயில் மெலிந்த டிஸ்க் (எழுதிய அளவுக்கு மட்டும் இடம் பிடிப்பது) முழு அளவுக்கு வீங்கிவிடும்.

முதலாளியிடம் ஒன்று கேளுங்கள் தம்பி: அந்த 4 டிபி எஸ்எஸ்டி ஒற்றைதானா? ஒற்றை என்றால் ஐந்து விஎம்மும் ஒரே டிஸ்கை நம்பி நிற்கும். அதே அளவில் இன்னொன்று வாங்கி, இரண்டையும் கண்ணாடிப் பிரதியாக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி) இணைத்த பிறகு நகர்த்துவதே நல்லது, ஏனென்றால் இ டிரைவ் காலியாக இருக்கும் இப்போதுதான் அந்த வேலை சுலபம். அது வரும் வரை காத்திருக்கும் நாட்களில் ஏற்றுமதியையும் இறக்குமதிச் சோதனையையும் முடித்துவிடலாம். ஏற்றுமதிக்கு மட்டும் இ டிரைவை நம்பாமல் நாஸின் அனுமதியைச் சரிசெய்து நேராக அங்கே அனுப்புங்கள். பிரிண்ட் சர்வர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பதிவு ஃபைலை எனக்கு அனுப்பி வையுங்கள், மற்ற நான்கையும் தொடங்கும் முன் ஒரு தடவை சேர்ந்து பார்த்துவிடுவோம்.